எங்க வீட்டு ரெண்டு ஓட்டு

சன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும் தம்பி, எனக்கு இந்த ஓரம் போதும். பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு நீங்க நம்மாளுன்னு. எப்படிங்கீங்களா? பெட்டியைக் கயிறு போட்டுக் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருக்கீங்களே, வேற எந்த நாட்டுக்காரன் கட்டுவான் இப்படி? படிக்க வந்தீங்களா? ஊர் எது? சாத்தூரா! அடேயப்பா, பக்கத்துல வந்துட்டீங்களே. நான் கோயில்பட்டி. பேரு சங்கரபாண்டி. டிராக்டர் கம்பெனியில இருந்து ரிட்டையர் ஆகி வீட்டுல இருக்கேன்.

தனியா வரலை. அந்தா, நாலு வரிசை தள்ளி, கோட்டுக்கு மேல சேலை முந்தானையை எடுத்துப் போட்டுக்கிட்டு நேரா பாத்து உக்காந்திருக்கா பாருங்க, அதான் என் வீட்டுக்காரி, செண்பகவல்லி. பக்கத்துல இடம் இருந்துச்சு தம்பி. நான் பெட்டியை மேல ஏத்திட்டுத் திரும்புறதுக்குள்ள அந்த வெள்ளைக்காரக் கிழவியைக் கையப் பிடிச்சு உக்கார வச்சுட்டா. அந்தம்மா வேற கம்பளி நூலை எடுத்துப் பின்ன ஆரம்பிச்சிருச்சு. இனி எந்திரிக்காது.

கோபம். போன ஐப்பசியில இருந்து கோபம். பஸ் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு, சொல்றேன், நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. என் பக்கந்தான். இருந்தாலும் கேளுங்க.

நம்ம ஊர்ல ஆளுக்குத்தான ஓட்டுப் போடுவோம்? ஒரு எம்.எல்.ஏ.வை அனுப்பிட்டா, நல்லதோ கெட்டதோ அவர் பாத்துக்குவாரு. இங்க அப்படி இல்ல. பல மாநிலத்துல சட்டத்துக்கே ஓட்டு. பள்ளிக்கூடத்துக்கு வரியைக் கூட்டலாமா, ஆத்துக்குக் குறுக்க பாலம் கட்டலாமான்னு சீட்டுல கேள்வி இருக்கும், ஆமா இல்லைன்னு போடணும். போன ஐப்பசியில எங்க மாநிலத்துல கேட்ட கேள்வி என்னன்னா, கல்யாணம்னா என்ன? ஒரு ஆணும் ஒரு பொண்ணும் பண்ணிக்கிறது மட்டுந்தான் கல்யாணம்னு மாநில அரசியல் சாசனத்துலயே எழுதி வச்சுரலாமா? ஆமாவா, இல்லையா?

செண்பகம் அதை வாசிச்சுட்டு, "ஏன் மாமா, என்னன்னு தெரியாமலா இத்தனை காலமா பண்ணிட்டு இருந்தாங்க?"ன்னா. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேரு வால்ட்டர். நல்ல மனுசன். வேலியோரம் நின்னா கையைத் தூக்குவாரு, நானும் தூக்குவேன், அவ்வளவுதான் பழக்கம். வருசக்கணக்கா கையைத் தூக்கித் தூக்கியே காலம் போச்சு. ஒரு நாள் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாரு. கையில ஒரு தட்டி. "சங்கர், குடும்பம்னா என்னன்னு உங்க நாட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். இதை உங்க வீட்டு முன்னாடி வைக்கலாமா? அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கூட்டம், உங்க கலாச்சாரத்துல கல்யாணம் எப்படின்னு நாலு வார்த்தை பேசணும்"னாரு.

என்னை! பேசச் சொல்லி! கம்பெனியில அத்தனை வருசம் இருந்தேன், ஒருத்தன் என்னை மைக் பக்கம் விட்டதில்ல. நான் என்ன செய்வேன்? தட்டியை வாங்கி நானே நட்டேன். 'கல்யாணத்தைக் காப்போம், ஆமான்னு போடுங்க'ன்னு பெருசா எழுத்து. மண்ணு இளகலா இருந்த இடமாப் பாத்து நட்டேன். அது செண்பகத்தோட புதினாப் பாத்தி.

"கல்யாணத்தைக் காப்பாத்த என் புதினாதான் கெடச்சுச்சா?"ன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா அப்ப.

இதுல கேத்தின்னு ஒரு பிள்ளை வருது தம்பி. பிள்ளைங்கிறேன், ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். செண்பகம் வேலை பாக்குற பள்ளிக்கூடச் சமையக்கட்டுலதான் அதுவும். செண்பகத்துக்குக் காரோட்டத் தெரியாது, பனியோ மழையோ கேத்திதான் வந்து கூட்டிட்டுப் போகும். உள்ள வந்து அடுப்படியில நின்னபடியே நம்ம டிகிரி காப்பியை ஒரு டம்ளர் குடிச்சுட்டுத்தான் கிளம்பும். எதிர் வரிசையில வீடு. கூட ஜோன்னு ஒரு நர்சம்மா. ரெண்டும் அக்கா தங்கச்சின்னு நான் ரொம்ப காலமா நினைச்சுட்டு இருந்தேன். செண்பகத்துக்கு முதல் வாரமே விசயம் தெரியுமாம். எங்கிட்டச் சொல்லலை. "நீங்க கேக்கலையே"ங்கிறா.

தட்டி நட்ட மறுநாள் கேத்தி உள்ள வரலை. ரோட்டுலயே காரை நிப்பாட்டிட்டு இருந்துச்சு. நான் போய்க் கண்ணாடியைத் தட்டி, "காப்பி?"ன்னேன். "இன்னைக்கு வேண்டாம் சங்கர்"னுச்சு. நான் என்ன அது வீட்டு வாசல்லயா நட்டேன்? என் வீட்டுல நான் நட்டேன். செண்பகம் காப்பியை பிளாஸ்க்குல ஊத்தி எடுத்துட்டுப் போனா.

சரி, கூட்டத்துக்கு வாரேன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெத்தியில சின்னதா சந்தனம். கல்யாண ஆல்பத்தையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டேன். செண்பகத்தை ஒரு சட்டி கேசரி கிண்டச் சொல்லி, அவளையும் கூட்டிட்டுப் போனேன். வர மாட்டேன்னா. "ஒரு கல்யாணத்தைப் பத்திப் பேசப் போறேன், பொண்டாட்டி இல்லாம எப்படிப் போறது?"ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்.

பேசினேன் பாருங்க தம்பி! கேத்தியைப் பத்தியோ யாரைப் பத்தியோ ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை. நம்ம பெருமையைத்தான் சொன்னேன். எங்க ஊர்ல கல்யாணம்னா ரெண்டு பேரு சமாச்சாரம் இல்ல, ரெண்டு குடும்பம். ஒறவு விட்டுப் போகாமப் பாத்துக்கிற ஏற்பாடு. ஆயிரம் வருசமா மாறலைன்னு அடிச்சு விட்டேன். கைதட்டு. முன் வரிசையில ஒரு பாட்டியம்மா கண்ணைத் தொடச்சுச்சு.

அதோட இறங்கியிருக்கலாம். ஆல்பத்தைத் திறந்தேன்.

முதப் பக்கத்துல கல்யாணப் படம் இல்ல. அதுக்கு முன்னாடி எடுத்த படம், செண்பகத்துக்குக் காது குத்துன படம். என் மடியில கைக்குழந்தையா உக்காந்து வாயைத் திறந்து அழுதுட்டு இருப்பா, நான் அரைக்கால் டவுசரோட முழிச்சுக்கிட்டு இருப்பேன். "இது யாரு?"ன்னுச்சு அந்தப் பாட்டியம்மா. "இவதான் என் மனைவி." "அந்தப் பையன்?" "நான்தான்." அவ்வளவுதான், கூட்டமே உருகிப்போச்சு. சின்ன வயசுல இருந்தே சிநேகமா, என்ன அழகு, என்ன அழகுன்னு ஒரே சத்தம். படம் கை மாறிக் கை மாறிப் போகுது.

எனக்குத் தலைகால் புரியலை. "எங்க பக்கத்துல காது குத்துறப்ப அம்மா கூடப் பிறந்த தம்பி மடியிலதான் உக்கார வைப்பாங்க, அதான் முறை"ன்னு விளக்கம் சொல்லிட்டேன்.

ஒவ்வொரு முகமா கணக்குப் போடுறது எனக்கு மேடையில இருந்து தெரியுது. யாரோட அம்மா, யாரோட தம்பின்னு. படத்தைக் கையில வச்சிருந்தவன் அதை மேசை மேல வச்சுட்டுக் கையை எடுத்துக்கிட்டான். நான் இன்னும் புரியாம, "ஆமா, அக்கா மகதான். பிறந்தன்னைக்கே எனக்குன்னு சொல்லிட்டாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றேன்.

தம்பி, நீங்க சாத்தூர். உங்களுக்கு அக்கா மகளைக் கட்டுறது ஒரு சேதியா? நம்ம தெருவுல பாதி வீட்டுல அதான். இங்க அப்படி இல்லையாம். இங்க அது கேக்கவே கூடாத விசயமாம், சட்டத்துலயும் இடமில்லையாம். எனக்கு எப்படித் தெரியும்? கம்பெனியில யாரும் உன் பொண்டாட்டி உனக்கு என்ன முறைன்னு கேட்டதில்லையே.

வால்ட்டர்தான் எந்திரிச்சாரு. நல்ல மனுசன்னு சொன்னேன்ல. "இவங்க நாட்டுல பழகினவங்க எல்லாரையும் அக்கா, மாமான்னுதான் கூப்பிடுவாங்க, சொந்த அக்கா இல்ல. அப்படித்தான சங்கர்?"னு எனக்குக் கை கொடுத்தாரு.

நான் என்ன சொல்லியிருக்கணும்? நீங்க சொல்லுங்க. அத்தனை பேரும் என் வாயையே பாக்கிறாங்க. "ஆமா ஆமா, சொந்த அக்கா எல்லாம் இல்ல. தெரிஞ்சவங்க. பக்கத்து வீட்டு அம்மா"ன்னேன். ஸ்ஸப்பான்னு கூட்டமே மூச்சு விட்டுச்சு, சிரிச்சுச்சு, மறுபடியும் கைதட்டு. சமாளிச்சேன்ல? நான் சமாளிச்சதை நினைச்சு எனக்கே பெருமையா இருந்துச்சு. திரும்பிப் பாக்கிறேன், பின்னாடி கேசரிச் சட்டியை வச்சுக்கிட்டு செண்பகம் நிக்கிறா. கரண்டியைச் சட்டிக்குள்ள போட்டா. மூடியை வச்சு மூடினா. ஒருத்தருக்கும் கேசரி கொடுக்கலை.

ஒண்ணு சொல்லிருறேன். பேச்சியம்மா, அதான் எங்க அக்கா, அவ எனக்கு வெறும் அக்கா இல்ல. எங்கம்மா போகும்போது நான் தவழ்ற பிள்ளை. அக்காதான் இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா. கல்யாணமாகி மாப்பிள்ளை வீட்டுக்குப் போறப்ப, "என் தம்பி வந்தாத்தான் நான் வருவேன்"னு வண்டியில ஏற மாட்டேன்னவ. அவளைத்தான் பக்கத்து வீட்டு அம்மான்னுட்டேன். வாய் தவறி வந்த வார்த்தை தம்பி. சரி, தவறி இல்ல. அந்த நேரத்துக்கு வந்த வார்த்தை.

வீட்டுக்கு வந்து மொத வேலையா செண்பகம் கோயில்பட்டிக்குப் போனைப் போட்டு ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டா. "அம்மா, உன் தம்பிக்கு நீ பக்கத்து வீட்டு அம்மாவாம். கூட்டத்துல சொல்லிட்டாரு, கைதட்டுறாங்க"ன்னா. போனை என் கையில குடுத்தா.

"ஏலே சங்கரா, நான் உனக்கு யாருலே?"

"அக்கா, அது சும்மா ஒரு சமாளிப்புக்கு..."

"நான் உனக்கு யாரோன்னா, என் மக உனக்கு யாரு? எந்த முறையில அவளை வீட்டுல வச்சிருக்கே? முறைமாமன்னுதான நான் உனக்குக் குடுத்தேன்? முறையே இல்லேங்கிறவனுக்கு எவ பொண்ணு குடுப்பா?"

பாத்தீங்களா சிக்கலை? இந்த ஊர்ல அக்கா மகன்னா அது கல்யாணமே இல்ல. அந்த ஊர்ல அக்கா மக இல்லேன்னா அது கல்யாணமே இல்ல. நான் எங்க போய் நிக்கிறது?

"வெள்ளைக்காரங்க நடுவுல நின்னுதான இல்லைன்னே? அதே மாதிரி நாலு வெள்ளைக்காரங்க நடுவுல நின்னு, எங்க அக்கான்னு உன் வாயால சொல்லு. அப்புறம் எங்கூடப் பேசு"ன்னு வச்சுட்டா. வாராவாரம் பேசுறவ தம்பி. பிறகு ஒரு தடவை கூடப் பேசலை. நான் போன் போட்டா மணி அடிச்சுக்கிட்டே கெடக்கும். செண்பகம் போட்டா மறு நிமிசம் எடுக்கிறா. எனக்கு எப்படி இருக்கும்? சோறு இறங்கலை, நிசமாத்தான் சொல்றேன்.

செண்பகமும் அம்மா பக்கமே சாஞ்சுட்டா. பக்கத்து ரூமுக்குப் படுக்கையை மாத்திட்டா. சாப்பாட்டு நேரத்துக்கு, "மிஸ்டர் சங்கரபாண்டி, சாப்பாடு எடுத்து வச்சிருக்கு"ன்னு இங்கிலீசுல சொல்லுவா. பார்சல் கொடுக்க வந்தவன் கிட்ட "இந்த வீட்டுல தங்கியிருக்கிற ஜென்டில்மேன் கிட்டக் குடுங்க"ங்கிறா. அவன் என்னை ஏற இறங்கப் பாக்கிறான்.

அக்கா சொன்னதைச் செய்யலாம்னு வால்ட்டர் வீட்டுப் படி வரைக்கும் போனேன் தம்பி. அவர் கதவைத் திறந்து, "வாங்க சங்கர், அன்னைக்கு என்ன பேச்சு!"ன்னு தோள்ல கையைப் போட்டாரு. அதுவரைக்கும் என் தோள்ல யாரு கை போட்டா இந்த ஊர்ல? இலை கூட்டுற மெசினைக் கேக்க வந்தேன்னு சொல்லி, அதை வாங்கிட்டு வந்துட்டேன். எங்கிட்டயே ஒண்ணு இருக்கு.

ஒரு நாள் காலையில கார் கண்ணாடியில படிஞ்ச பனியைச் சுரண்டிட்டு இருக்கேன், கேத்தி காரை நிப்பாட்டிக் கண்ணாடியை இறக்குச்சு. "செண்பா எல்லாம் சொன்னா"ன்னுச்சு. கேலி பண்ணப் போகுதுன்னு நின்னேன். பண்ணுச்சு. "அப்ப உங்களுக்கும் இங்க கல்யாணம் கிடையாது, எங்களுக்கும் கிடையாது, நாம ஒரே கட்சி"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. பிறகு சிரிப்பு நின்னுபோச்சு. "உங்களுக்கு அதிர்ஷ்டம் சங்கர். உங்க கல்யாணத்தை யாரும் ஓட்டுக்கு விடலை"ன்னுச்சு. கண்ணாடியை ஏத்திருச்சு.

அது எப்படித் தம்பி ரெண்டும் ஒண்ணாகும்? எங்களது முறை. பெரியவங்க பாத்து, தாலி கட்டி, ஊரு சாப்பிட்டது. அவங்களது வேற. என்ன வேறன்னு கேக்காதீங்க, யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்.

ஓட்டு வந்துச்சு. எப்பவும் ரெண்டு பேருக்கும் நான்தான் படிச்சுப் பாத்து, இதுக்கு இதுன்னு சொல்லுவேன், செண்பகம் போடுவா. இந்தத் தடவை கேத்தி கார்ல ஏறிப் போய் அவளாப் போட்டுட்டு வந்தா. "எதுக்குப் போட்டே?"ன்னேன். "ஓட்டு ரகசியம், மிஸ்டர் சங்கரபாண்டி"ன்னா. சரிதான், என் ஓட்டும் ரகசியந்தான், உங்களுக்கும் சொல்ல மாட்டேன். வால்ட்டருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தினேன், அவ்வளவுதான் சொல்லுவேன். எங்க வீட்டு ரெண்டு ஓட்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுருச்சு. ரெண்டு பேரும் வீட்டுலயே படுத்திருக்கலாம்.

ஆமாதான் ஜெயிச்சுச்சு. வால்ட்டர் வீட்டுல கேக்கு வெட்டினாங்க, எனக்கும் ஒரு துண்டு வந்துச்சு. அதைக் கையில வச்சுக்கிட்டு வெளிய வாரேன், எதிர்த்த வீட்டு வாசப்படியில கேத்தியும் ஜோனும் கோட்டு கூடப் போடாம குளிர்ல உக்காந்திருக்காங்க. நடுவுல செண்பகம். நான் கையைத் தூக்கினேன். செண்பகம் என் கையில இருந்த கேக்கைப் பாத்தா. எனக்கு அதை எங்க வைக்கிறதுன்னு தெரியலை தம்பி. திங்கவும் முடியலை, கீழ போடவும் முடியலை. அன்னைக்குத்தான் தட்டியைப் பிடுங்கினேன். தேர்தல் முடிஞ்சா எடுத்துரணும்ல, அதுக்காகத்தான்.

இப்ப எங்க போறோம்ங்கிறீங்களா? அதான் சொல்ல வந்தேன். பக்கத்து மாநிலத்துல அவங்க கல்யாணத்துக்குச் சட்டத்துல இடம் இருக்காம். கேத்தியும் ஜோனும் நேத்தே கார்ல போயிட்டாங்க, நாளைக்குக் காலையில ரிஜிஸ்தர் ஆபீசுல கல்யாணம். சாட்சிக் கையெழுத்துக்கு செண்பகம். என்னை யாரும் கூப்பிடலை. "பெட்டி கனமா இருக்கே, தூக்க ஆள் வேண்டாமா?"ன்னு நானாத்தான் கிளம்பி வந்தேன். பெட்டியில என்னங்கிறீங்க? கூறைப்புடவை மாதிரி ரெண்டு பட்டு எடுத்து வச்சிருக்கா. அப்புறம் ஒரு சட்டி, ரவை, நெய். இந்தத் தடவை கேசரி கிண்டுவா, எல்லாருக்கும் கொடுப்பா.

இருங்க தம்பி. என்னமோ பேச்சு நடக்குது அங்க. அந்தக் கிழவி திரும்பி என்னைப் பாக்குது. காது மந்தம் போல, என்னா சத்தமா கேக்குது பாருங்க, பஸ்ஸே திரும்புது. "அந்த ஆளு உன்னையே பாத்துட்டு இருக்காரே, யாரு அது? உன் புருசனா?"

செண்பகம் என்ன சொல்றா, கேட்டீங்களா? "அவரையே கேளுங்க"ங்கிறா. இங்கிலீசுல, நிதானமா. திரும்பிக் கூடப் பாக்கலை.

எத்தனை பேரு இருக்காங்க தம்பி இந்த பஸ்ஸுல? நாலு பேருக்கு மேலயே இருக்காங்க. எல்லாரும் நம்மாளு இல்லையே. அந்தச் சிவப்புத் தொப்பி போட்டவன் வேற மொறைக்கிறான். இல்ல, அவன் மூஞ்சியே அப்படியோ என்னமோ. கையெல்லாம் வேர்க்குது பாருங்க. அக்கா இடுப்புல இருந்தா நான் இப்படி வேர்த்திருப்பேனா? சரி. கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க, எந்திரிக்கணும்.

மேடம், அவ என் மனைவி.

என்னம்மா? ஆமா, மனைவி. எங்க அக்கா மக.

கேக்கலையாம் தம்பி! இன்னும் சத்தமாச் சொல்லணுமாம்! சரி. மேடம்! அவங்க அம்மா பேரு பேச்சியம்மா! என் சொந்த அக்கா! என்னை வளத்தவ! அவ மகளைத்தான் நான் கட்டியிருக்கேன்! எங்க ஊர்ல அதுக்குப் பேரு கல்யாணம்! இங்க என்ன பேரு வேணாலும் வச்சுக்கோங்க!

டிரைவர் கண்ணாடியில பாக்கிறாரு. பாக்கட்டும். செண்பகம் கையில என்ன, போனா? போனைத் தூக்கி என் பக்கமாப் பிடிச்சிருக்கா. எப்ப இருந்துடீ லைன்ல வச்சிருக்கே? அடிப்பாவி! கோயில்பட்டியில சிரிக்கிற சத்தம் இங்க கேக்குது தம்பி. அக்காதான். அக்கா சிரிச்சா அப்படித்தான், இருமல்ல போய் முடியும்.

ஆத்தாடி, அந்தம்மா நூலைச் சுருட்டுது. ஊசியைப் பையில போடுது. எந்திரிச்சு, அங்கிட்டு அந்தத் தொப்பிக்காரன் பக்கத்துல போய் உக்காந்துருச்சு. அருவருத்துப் போய் எந்திரிச்சுச்சோ, புருசன் பொண்டாட்டி ஒண்ணா உக்காரட்டும்னு எந்திரிச்சுச்சோ, முகத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியலை.

எதுவா இருந்தா என்ன தம்பி, சீட்டு காலி. நான் வாரேன்.